எம்ஜிபி ரோட்ஸ்டரில் சைக்கிள் ஏற்றும்போது வரும் கோளாறுகள்: அடையாளமும் தீர்வும்

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர், இருவர் அமரும் சின்ன வண்டி. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. மேலே மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. எனவே தலைக்கு மேல் சைக்கிள் ஏற்ற வழியே இல்லை. இழுவைக் கொக்கியும் எல்லா வண்டியிலும் இருக்காது. மிஞ்சுவது, டிக்கி மூடியின் மேல் சாய்த்து வைத்துப் பட்டைகளால் இறுக்கும் தாங்கி. சரியாகக் கட்டினால் அது நன்றாகவே வேலை செய்யும். தவறாகக் கட்டினால் அரை நூற்றாண்டு பழைய தகடு நெளியும். அதைவிட மோசமாக, பின்னால் வருபவரின் கண்ணாடியில் சைக்கிள் போய் விழும்.

கோளாறுகளுக்குள் போகும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தத் தாங்கியில் மூன்று வகைப் பட்டைகள் உண்டு. மேல்பட்டைகள் பாரத்தைத் தாங்குகின்றன. கீழ்ப்பட்டைகள் தாங்கி மேலே துள்ளாமல் பிடிக்கின்றன. பக்கப்பட்டைகள் இடவல ஆட்டத்தை நிறுத்துகின்றன. தாங்கியின் ரப்பர் கால்கள் இவற்றின் இழுப்பு முழுவதையும் வண்டியின் உடம்புக்குள் இறக்குகின்றன. எந்த அடையாளம் கண்ணில் பட்டாலும், இந்த நான்கில் எது தன் வேலையைச் செய்யவில்லை என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலான கோளாறுகளுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கொஞ்ச தூரம் ஓடியதும் பட்டைகள் தளர்ந்துவிடுகின்றன

புறப்பட்டுச் சில மைல்களுக்குள் ஒருமுறை தளர்வது இயல்பு. ரப்பர் கால்கள் அமுங்கி, கொக்கிகள் தம் இடத்தில் உட்காரும்போது பட்டைகளில் கொஞ்சம் நீளம் மிச்சமாகும். ஆகவே முதல் பத்து நிமிடத்தில் ஓரங்கட்டி மறுபடி இறுக்குவதைப் பயணத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் தளர்ந்துகொண்டே இருந்தால்தான் கோளாறு.

மழையில் மட்டும் தளர்கிறதா? அப்படியானால் பட்டை நைலானாக இருக்கலாம். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். பாலியஸ்டர் பட்டை அவ்வளவு நீளாது. பழைய தாங்கி வாங்கியிருந்தால் பட்டையை மாற்றிவிடுவது நல்லது. வெயிலில் வெளுத்து, ஓரத்தில் நூல் பிரிந்த பட்டையை எந்த நிலையிலும் நம்பாதீர்கள்.

ஈரமில்லாத நாளிலும் தளர்கிறது என்றால் பக்கிளைப் பாருங்கள். பட்டையைக் கடிக்கும் பற்கள் மழுங்கிப் பளபளத்தால் அது வழுக்குகிறது என்று பொருள். இறுக்கிய பிறகு பக்கிளுக்கு அருகிலேயே பட்டையின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த நிறுத்தத்தில் கோடு நகர்ந்திருந்தால் பக்கிள்தான் குற்றவாளி. கோடு நகரவில்லை, பட்டை மட்டும் தொளதொளவென்று இருக்கிறது என்றால், பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறிடம் பெரும்பாலும் டிக்கி மூடியே. எம்ஜிபியின் மூடிக்குக் கீல்கள் முன்பக்கம், பூட்டு பின்பக்க நடுவில். பல ஆண்டுகள் திறந்து மூடிய வண்டிகளில் பூட்டின் கொண்டி தளர்ந்து, மூடி மூடியிருக்கும்போதே சற்று மேலும் கீழும் அசையும். தாங்கியை மாட்டும் முன் மூடியின் பின்மூலைகள் இரண்டிலும் உள்ளங்கையை வைத்து மாறிமாறி அழுத்திப் பாருங்கள். ஒரு மூலை இறங்கும்போது மறுமூலை எழும்பினால், அல்லது நடுவில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், பட்டைகளை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. ஒவ்வொரு குழியிலும் மூடி அமுங்கும், அந்தக் கணத்தில் பட்டை தளரும். கொண்டியின் திருகுகளைத் தளர்த்தி, மூடி ரப்பரை நன்றாக அழுத்தும் அளவுக்கு இறக்கி மாட்டுங்கள். ரப்பர் தட்டையாகிப் போயிருந்தால் புதிதாக ஒட்டுங்கள். இது தாங்கிக்கான வேலை மட்டுமல்ல, டிக்கிக்குள் மழைநீர் இறங்குவதும் இதோடு நிற்கும்.

லாரிப் பாரம் கட்டும் ராட்செட் பட்டையைக் கொண்டு இறுக்கினால் எல்லாம் தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். ராட்செட் கைக்குத் தெரியாமலே பெரும் விசையை ஏற்றிவிடும். மூடியின் விளிம்பு மடங்கிய பிறகுதான் தெரியவரும். கையால் இழுத்து இறுக்கும் பக்கிள் போதும்.

மூடியில் பள்ளம் விழுகிறது, அல்லது பெயிண்ட் தேய்கிறது

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். பள்ளம் என்றால் கால் தவறான இடத்தில் நிற்கிறது. தேய்ப்பு என்றால் கால் நகர்கிறது, அல்லது அதன் அடியில் மண் இருக்கிறது.

பள்ளத்துக்கு முதலில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். விளிம்புகளை ஒட்டி உள்சட்டம் ஓடுவது தெரியும். நடுப்பகுதியில் பல இடங்களில் மேல்தகடு மட்டும்தான் இருக்கும். இப்போது மூடியை மூடி, விரல் முட்டியால் மேலே தட்டிக்கொண்டே வாருங்கள். சட்டம் உள்ள இடத்தில் சத்தம் அடங்கி, கட்டையைத் தட்டுவதுபோல் வரும். வெறும் தகட்டில் தகரம்போல் அதிரும். சத்தம் மாறும் இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி அடையாளம் வையுங்கள். ரப்பர் கால்கள் அந்த அடையாளத்துக்குள், சட்டத்தின் மேல்தான் நிற்க வேண்டும். தாங்கியின் கைகளும் கால்களும் திருப்பி அமைக்கக்கூடிய வகையாக இருந்தால் இதை எளிதில் செய்யலாம். நிலையான சட்டகம் உள்ள மலிவான தாங்கிகளில் முடியாது. புதிதாக வாங்குபவருக்கு நான் சொல்லும் முதல் அளவுகோல் இதுதான்.

கீழ்க்கால்களை மூடியில் வைக்காமல் பம்பரில் ஊன்ற முடிந்தால் இன்னும் நல்லது. குரோம் பம்பர் உள்ள வண்டிகளில் அது கெட்டியான எஃகு. வண்டியின் உடம்போடு போல்ட்டில் நிற்கிறது. 1974-இன் பிற்பகுதியிலிருந்து வந்த வண்டிகளில் கறுப்பு ரப்பர் பம்பர். அதுவும் பாரம் தாங்கும், ஆனால் அதன் மேற்புறம் சரிவாக இருப்பதால் கால் வழுக்காமல் நிற்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள்.

தேய்ப்பு விஷயத்தில் மருந்து எளியது: தாங்கி மாட்டும் முன் மூடியைக் கழுவித் துடையுங்கள், ரப்பர் கால்களையும் கழுவுங்கள். மணல் ஒரு சிட்டிகை இருந்தாலும் அது உப்புத்தாளாக மாறும். கால் படும் இடங்களில் ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் ஒட்டலாம். கம்பளியையோ துண்டையோ மடித்து வைக்க வேண்டாம். துணி நழுவும், நழுவினால் பட்டை தளரும்.

குரோம் கம்பிகளாலான பழைய சாமான் தாங்கி ஏற்கெனவே மூடியில் இருந்தால், அதன் மேல் சைக்கிளைக் கட்டும் ஆசை வரும். அது படுக்கவைத்த சூட்கேசுக்காகச் செய்யப்பட்டது. நிமிர்ந்து நிற்கும் சைக்கிள் காற்றை வாங்கி நெம்பும்போது, மூடித் தகட்டில் போட்ட துளைகள்தான் அந்த விசை முழுவதையும் ஏற்க வேண்டியிருக்கும். துளையைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்து, அங்கே துரு தொடங்கும்.

வேகம் கூடியதும் பின்னால் உறுமல்

தட்டையான பட்டை காற்றில் அதிர்வதுதான் அந்தச் சத்தம். ஒவ்வொரு பட்டையையும் மாட்டும்போது ஒன்றிரண்டு முறுக்கு முறுக்கிவிடுங்கள், சத்தம் நின்றுவிடும். மிச்சத் துண்டுகளைச் சுற்றிக் கட்டுங்கள். முறுக்கிய பிறகும் உறுமினால் அது தளர்ந்த பட்டை. முதல் கோளாறுக்குத் திரும்பிப் போங்கள்.

ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது, எதிரில் வருபவர்கள் விளக்கை அடித்துக் காட்டுகிறார்கள்

இந்த இரண்டும் ஒரே காரணத்தின் இரு முகங்கள் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். இரண்டு சைக்கிள்களும் தாங்கியும் சேர்ந்து 30 கிலோ என்று வையுங்கள். அந்தப் பாரம் பின் அச்சுக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர் பின்னால் தொங்குகிறது. எம்ஜிபியின் இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் 2.31 மீட்டர். முப்பதை 1.1-ஆல் பெருக்கி 2.31-ஆல் வகுத்தால் 14 வருகிறது. அதாவது முன்சக்கரங்களின் மேலிருந்து சுமார் 14 கிலோ தூக்கப்பட்டுவிட்டது. பின் அச்சிலோ 30 அல்ல, 44 கிலோ கூடியிருக்கிறது. பெரிய வண்டிக்கு இது ஒன்றுமில்லை. இந்த வண்டி வித்தியாசத்தைக் கைக்கு உடனே சொல்லிவிடும்.

தீர்வு, எடையை முன்னே கொண்டுவருவது. டிக்கியில் இருக்கும் கருவிப்பெட்டி, பைகள் எல்லாவற்றையும் இருக்கைகளுக்குப் பின்னாலும் பயணியின் கால் பக்கமும் மாற்றுங்கள். டயர் காற்றழுத்தத்தைக் கையேட்டில் முழுப் பாரத்துக்குக் குறிப்பிட்ட அளவுக்கு ஏற்றுங்கள். மின் சைக்கிளை இந்தத் தாங்கியில் ஏற்றவே வேண்டாம். ஒன்றே இரண்டு சாதாரண சைக்கிள்களின் எடையை எட்டிவிடும்.

ஹெட்லைட்டுக்கு ஒரு சோதனை. பாரம் ஏற்றும் முன் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, தாழ்ந்த வெளிச்சத்தின் மேல்விளிம்பு விழும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஏற்றிய பிறகு அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வெளிச்சம் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால், விளக்கைச் சுற்றியுள்ள குரோம் வளையத்தைக் கழற்றி, உள்ளிருக்கும் திருகால் இறக்குங்கள். ஊர் திரும்பியதும் பழையபடி ஏற்றிவிட மறக்காதீர்கள்.

குழிகளில் பின்னாலிருந்து ‘தொம்’ என்று இடிக்கிறதா? லீஃப் ஸ்பிரிங்குகள் களைத்துப்போய், அச்சு மேலே உள்ள ரப்பர் கட்டையில் மோதுகிறது. பாரமில்லாமலும் பாரத்துடனும் சக்கரத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். இடதும் வலதும் கணிசமாக வேறுபட்டால் ஸ்பிரிங் மாற்றும் காலம் வந்துவிட்டது. அதுவரை ஒரு சைக்கிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பக்கக்காற்றில் வண்டி இழுப்பதாகத் தெரிந்தால் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. 50 மைல் வேகத்தில் பட்டைகள் தாங்கும் விசை, 70 மைலில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். பிரிட்டனின் மோட்டார்வேயில் 70 வரை போகலாம் என்பதற்காகச் சைக்கிளோடு அந்த வேகத்தில் போக வேண்டியதில்லை.

டயர் உருகுகிறது, அல்லது சக்கரம் தரையில் உரசுகிறது

இரண்டுக்கும் காரணம், சைக்கிள் மிகக் கீழே தொங்குவது. புகைக்குழாய் பம்பருக்கு அடியில் முடிகிறது. அதன் வாய்க்கு நேராக வரும் சைக்கிள் டயர் இளகும். கார்பன் ரிம்முக்கு அந்தச் சூடு இன்னும் கெடுதல். கீழ்ப்பட்டை குழாயை ஒட்டிப் போனால் பட்டையே உருகி அறுந்துவிடலாம். இஞ்சினை ஓடவிட்டு, குழாய்க்குப் பின்னால் டயர் இருக்கும் தூரத்தில் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். கையை அங்கேயே வைத்திருக்க முடியவில்லை என்றால் டயரும் அங்கே இருக்கக் கூடாது. சைக்கிளைத் திருப்பி மாட்டுங்கள், அல்லது அந்தச் சக்கரத்தைக் கழற்றி டிக்கிக்குள் வையுங்கள்.

உரசல் சமதரையில் தெரியாது. படகில் ஏறும் சரிவுப்பாலத்திலும் வேகத்தடையிலும் முன்சக்கரங்கள் மேலேறும்போது பின்பக்கம் தாழும், அப்போதுதான் தெரியும். வட இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்டிரிக்டில் ஹார்ட்நாட் கணவாய்ச் சாலை சில இடங்களில் மூன்றுக்கு ஒன்று என்ற சரிவு கொண்டது. அப்படிப்பட்ட சாலைக்குப் போகிறவர், தொங்கும் சக்கரம் பம்பரின் கீழ்விளிம்பைத் தாண்டாதபடி தாங்கியின் கைகளை உயர்த்தியே மாட்ட வேண்டும்.

பின்விளக்குப் பலகை எரியவில்லை, இண்டிகேட்டர் தாறுமாறாகச் சிமிட்டுகிறது

சைக்கிள் மாட்டிய பிறகு பத்தடி தள்ளிப்போய் வண்டியைப் பாருங்கள். நம்பர் பிளேட்டோ பின்விளக்கோ மறைந்தால் பிரிட்டனில் அது குற்றம். நம்பர் பிளேட் மறைந்ததற்கு மட்டுமே 1,000 பவுண்ட் வரை அபராதம் உண்டு. எம்ஜிபியின் பின்பக்கம் சின்னது என்பதால் இரண்டு சைக்கிள் மாட்டினால் ஏதாவது ஒன்று மறைந்தே தீரும். எனவே சைக்கிள்களுக்குப் பின்னால் கட்டும் விளக்குப் பலகை தேவை. அகலத்தில் தொல்லை இல்லை: வண்டி 152 சென்டிமீட்டர், பெரிய சைக்கிள் 175 சென்டிமீட்டர் அளவு. நடுவில் மாட்டினால் பக்கத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர்கூட நீட்டாது. பிரிட்டனில் அனுமதி பக்கத்துக்கு 30.5 சென்டிமீட்டர்.

பலகையின் ஏழு முனை இணைப்பில் மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக், வெள்ளை எர்த். வண்டியின் பக்கமோ, பிரிட்டிஷ் மின்பாக நிறுவனமான லூகாஸின் நிறமுறை: பச்சையில் சிவப்புக் கோடு இடது, பச்சையில் வெள்ளைக் கோடு வலது, பச்சையில் ஊதாக் கோடு பிரேக், வெறும் சிவப்பு பார்க்கிங் விளக்கு. இரண்டு பக்கமும் பச்சையும் சிவப்பும் இருந்தாலும் அவற்றின் வேலை ஒன்றல்ல. நிறத்தை நம்பி நிறத்தோடு சேர்த்தால் பார்க்கிங் விளக்கைப் போட்டதும் பலகையில் பிரேக் எரியும்.

எல்லாம் சரியாகச் சேர்த்தும் எல்இடி பலகை கொஞ்சமும் எரியவில்லையா? வண்டி எந்த ஆண்டினது என்று பாருங்கள். 1967-இன் பிற்பகுதியில் வந்த இரண்டாம் பதிப்பு (மார்க் 2) வண்டிகளுக்கு முன்பு வரை எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். சாதாரண பல்புக்குத் திசை முக்கியமில்லை, எரிந்துவிடும், எல்இடி எரியாது. அந்த வண்டிகளுக்குப் பல்பு உள்ள பலகையே வாங்குங்கள்.

இண்டிகேட்டர் வேகம் மாறுவது, விளக்கைச் சிமிட்டவைக்கும் பழைய வெப்ப ஃபிளாஷர் கூடுதல் பல்பின் மின்சாரத்தையும் தன் வழியே அனுப்புவதால். கனரக மின்னணு ஃபிளாஷரை மாட்டினால் சரியாகும். எல்லா விளக்கும் சேர்ந்து மங்கினால் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பழைய வண்டியில் பாதி மின்கோளாறு அங்கேதான்.

வெற்றிடக் கிண்ணம் பிடிப்பை இழக்கிறது

பட்டையே வேண்டாம் என்பவர்கள் சீசக்கர் போன்ற, காற்றை வெளியேற்றித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடக் கிண்ணத் தாங்கியை நாடுகிறார்கள். கிண்ணத்தின் பம்பில் ஆரஞ்சு வளையம் வெளியே தெரிந்தால் வெற்றிடம் குறைகிறது என்று அர்த்தம். சுத்தமான தகட்டில் உடனுக்குடன் வளையம் தெரிந்தால், கிண்ணம் வளைவில் உட்கார்ந்திருக்கிறது. கைவிரலை அதன் விளிம்பில் ஓட்டிப் பாருங்கள், எங்காவது இடைவெளி தட்டுப்படும். பாலிஷ் போட்ட மூடியைச் சோப்புநீரால் துடையுங்கள். குளிர்காலையில் கிண்ணம் விறைத்திருக்கும், வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஒட்டுங்கள்.

எனக்குக் கவலை தருவது மறுபெயிண்ட் அடித்த வண்டிகள். அடியில் பட்டி பூசிச் சமன்செய்த தகட்டில், கிண்ணம் இழுப்பது பெயிண்டை மட்டுமே, தகட்டை அல்ல. காந்தத்தை மூடியின் மேல் ஓட்டுங்கள், பட்டி தடித்த இடத்தில் பிடிப்பு விட்டுப்போகும். அந்த இடத்தில் கிண்ணம் வைக்காதீர்கள். அண்மையில் பெயிண்ட் அடித்திருந்தால் அது முழுக்க இறுகும்வரை இந்த வகையே வேண்டாம்.

இந்தத் தாங்கியில் முன்சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கை மாட்டுவார்கள். ஃபோர்க் உட்காரவில்லை என்றால் சைக்கிள் புதிய வகை: பழைய விரைவுக் கழற்றிக்கு 9 மில்லிமீட்டர், இப்போதைய ஊடுகம்பி அச்சுக்கு 12 அல்லது 15. அதற்கான இணைப்பை வாங்குங்கள், அடித்து நுழைக்காதீர்கள்.

சைக்கிள்கள் ஒன்றையொன்று தேய்க்கின்றன

எதிரெதிர்த் திசையில் மாட்டுங்கள். உள்ளே நிற்கும் சைக்கிளின் பெடல்தான் வண்டியைக் குத்தும். 15 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கழற்றிவிடுங்கள். இடப்பெடலின் திருகுமறை எதிர்த்திசை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். சக்கரங்களைச் சட்டத்தோடு கட்டுங்கள், இல்லையென்றால் காற்றில் சுழன்றுகொண்டே வரும். மேல்குழாய் சரிந்த சைக்கிள்களுக்கு இருக்கைத் தண்டையும் ஹேண்டிலையும் இணைக்கும் தனிக் கம்பி கிடைக்கிறது. கார்பன் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும் தாங்கியில் மாட்ட வேண்டாம்.

எதுவுமே சரிப்படவில்லை

மூடி துருப்பிடித்திருக்கிறது, அல்லது அண்மையில்தான் பெரும் செலவில் பெயிண்ட் அடித்தீர்கள் என்றால் வெளியே கட்டுவதை விட்டுவிடுங்கள். தனியாகப் போகிறவர் கூரையை மடக்கிவிட்டுச் சைக்கிளைப் பயணி இருக்கையில் ஏற்றலாம். இரு சக்கரங்களையும் கழற்றி, செயினைப் பழைய துணியால் சுற்றி, பல்சக்கரம் கதவுப் பக்கம் வரும்படி ஃபோர்க்கைக் கீழே இறக்குங்கள். இருக்கைப் பட்டையைச் சட்டத்தின் முக்கோணத்துக்குள் விட்டு மாட்டி, கூடுதலாக ஒரு பட்டையால் இருக்கையோடு இறுக்குங்கள்.

எம்ஜிபி வெளிவந்த அதே 1962-இல், லண்டனின் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சி அரங்கில் இன்னொன்றும் அறிமுகமானது: அலெக்ஸ் மோல்டனின் சின்னச் சக்கரச் சைக்கிள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) 1100 காருக்கு, திரவத்தால் அதிர்வைத் தாங்கும் ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷனை வடிவமைத்த அதே பொறியாளர்தான் அவர். அவருடைய ஸ்டோஅவே வகை, சட்டத்தை இரண்டாகப் பிரித்து டிக்கிக்குள் வைக்கவென்றே செய்யப்பட்டது. அதே காலத்து வண்டிக்கு அதே காலத்துச் சைக்கிள் என்பதில் எனக்குத் தனி விருப்பம். புதிதாக வேண்டுமென்றால், மடக்கு சைக்கிளான பிராம்ப்டனை மடக்கிய பின் அதன் தடிமன் சுமார் 27 சென்டிமீட்டர்தான். மாற்றுச்சக்கரம் இருக்கும் நிலையில் உங்கள் டிக்கியின் உயரத்தை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இருக்கையில் ஏற்றினாலும் புறப்படும் முன் மூன்றைச் சோதியுங்கள்: கியர்க் கம்பி எல்லா கியருக்கும் தடையின்றிப் போகிறதா, கைபிரேக்கை முழுவதும் இழுக்க முடிகிறதா, இடப்பக்கக் கண்ணாடியில் சாலை தெரிகிறதா.